முந்நூறு மில்லிக்கு ஓர் அடி

பாபநாசம் கடைத்தெரு இரும்புக் கடையில் "பத்து மில்லி கம்பி, பன்னிரண்டு மீட்டர் நீளம்" என்று கேட்கிற ஆள் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "நாப்பதடிக் கம்பிதானே மேஸ்திரி? அதச் சொல்லிட்டுப் போறது" என்பார். ரெத்தினம் மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்ப்பார்.

"பன்னெண்டு மீட்டர்னா நாப்பதடிதாங்க. எனக்குத் தெரியாதா? வாயத் தொறந்து ஒரு தடவ மீட்டர்னு சொன்னா உங்க வாயி வெந்தா போயிடும்?"

கடைக்காரர் வாய் வெந்து போகாமல் பார்த்துக்கொண்டார். கம்பியின் தடிமனை மில்லியில் சொல்வார், நீளத்தை அடியில் சொல்வார், எடையைக் கிலோவில் போடுவார். ஒரே கம்பி! ப்ளைவுட் எட்டுக்கு நாலடி, கனம் பதினெட்டு மில்லி. கொள்ளிடத்து மணல் வந்தால் அது யூனிட், அதாவது நூறு கன அடி. நிலத்தைப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று எழுதுவார்கள், பத்திரத்தில் சென்ட் என்பார்கள், டீக்கடையில் வந்து உட்கார்ந்ததும் மா, குழி என்பார்கள். ஐம்பத்தாறிலேயே சட்டம் போட்டு நாடு மெட்ரிக்குக்கு மாறிவிட்டதாம். ரெத்தினம் இதைச் சொல்லும்போது அந்த 'மாறிவிட்டதாம்' வெற்றிலைச் சாறு மாதிரி வெளியே வந்து விழும். வெள்ளைக்காரன் கப்பலேறி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவன் பாதத்தை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

அவருடைய இடுப்பில் எப்போதும் ஐந்து மீட்டர் எஃகு டேப் ஒன்று தொங்கும். சிங்கப்பூரில் வாங்கியது. நம் ஊர் டேப்பில் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருக்கும். அவருடையதில் அங்குலமே கிடையாது. அதை அவர் பிறரிடம் கொடுக்கவும் மாட்டார், பிறர் டேப்பைத் தொடவும் மாட்டார்.

இவ்வளவு திமிர் அவருக்குப் பிறப்பிலேயே வந்ததில்லை. குடமுருட்டிக் கரையோரம் காலனித் தெருவில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பதினாறு வயதில் வயல் வேலையை உதறிவிட்டு ஒரு கொத்தனாரிடம் கலவை சுமக்கப் போனார், நாலே வருஷத்தில் கரணை பிடித்தார். அப்போது அவருக்கும் அடி, அங்குலம், நூல்தான். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். சுவர் ஒரு நூல் வெளியே தள்ளியிருந்தால் தூக்குக்குண்டு போடாமலே கண்ணால் சொல்லிவிடுவார். நல்ல கண் அது, அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

தொண்ணூற்றிரண்டில் ஏஜென்ட் ஒருவர் மூலம் சிங்கப்பூர் போவதற்காகச் சென்னையில் தொழில் சோதனைக்குப் போனார். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொன்னார்கள். எழுப்பினார். சோதிக்க வந்தவர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, "எவ்வளவு தள்ளியிருக்கு?" என்று கேட்டார். ரெத்தினம் பணிவாக, "அரை நூல் சார்" என்றார். அந்த ஆள் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி ஏதோ இங்கிலீஷில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னால் வரிசையில் நின்ற தேனிக்காரனும் கடலூர்க்காரனும்கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கும் நூல்தான் தெரியும் என்பது வேறு விஷயம். ரெத்தினத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து பத்து நாள் வெளியே தலைகாட்டவில்லை. அப்புறம் ஏற்கெனவே சோதனையில் தேறிய ஒருவரைப் பிடித்து வாய்ப்பாடு கேட்டுக்கொண்டார். அங்குலத்துக்கு இருபத்தைந்து, அடிக்கு முந்நூறு. அவ்வளவுதான் விஷயம், இதற்கா சிரித்தீர்கள் என்று மனப்பாடம் செய்தார். அடுத்த தடவை தேறினார். விண்ணப்பத்தில் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டிருந்த இடத்தில், ஐந்தடி ஆறங்குலத்தை அதே வாய்ப்பாட்டில் பெருக்கி நூற்று அறுபத்தைந்து என்று தானே எழுதினார். பதினோரு வருஷம் எல்லாக் காகிதத்திலும் அவர் நூற்று அறுபத்தைந்துதான்.

சிங்கப்பூரில் அவரை மற்றவர்கள் ஏளனம் செய்தார்கள். ஊருக்கு லீவில் வந்தபோது அவர் மற்றவர்களை ஏளனம் செய்தார். கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

இரண்டாயிரத்து மூன்றில் மொத்தமாகத் திரும்பி வந்தார். காரணம் அம்சம், அவருடைய மனைவி. அவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவள் அல்ல. லீவில் வந்த அவர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"கல்யாணம் ஆயி பதினெட்டு வருஷம். அதுல பதினோரு வருஷம் நீங்க அங்க. நம்ம பொண்ணு சுடர்விழி வயசுக்கு வந்தது உங்களுக்குப் போன்ல சொன்ன சேதி. அவளும் இப்ப தஞ்சாவூர் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. இன்னொரு தடவ உங்கள பஸ் ஏத்திவிட எனக்குத் தெம்பு இல்லங்க."

"போவல" என்றார் ரெத்தினம். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ வாக்குக் கொடுத்திருக்கிறார். உயிரே போனாலும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தது இந்த ஒன்றைத்தான்.

ஆனால் ஊரில் இருக்க வேண்டுமானால் ஊரில் வேலை வேண்டுமே. இந்த மனுஷரோ முதல் வருஷத்திலேயே நாலு வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டார். ஒருவர் மனையடி சாஸ்திரப்படி அறை பதினாறடி வர வேண்டும் என்று உள்பூச்சைச் சுரண்டச் சொன்னார். சுரண்டினால் அதிர்ஷ்டம் வருமென்றால் சுவரையே இடித்துவிடலாமே என்று கேட்டார் ரெத்தினம். இன்னொருவர் படிக்கட்டை 'லாபம், நஷ்டம், லாபம்' என்று எண்ணிப் பார்த்து, கடைசிப் படி நஷ்டத்தில் முடிகிறது என்றார். உங்களைப் போன்ற ஆளுக்கு எதில் முடிந்தால் என்ன என்று சொல்லிவிட்டு வந்தார். வாய் வளர்ந்த அளவுக்கு வேலை வளரவில்லை. சிங்கப்பூரிலிருந்து பழைய சூப்பர்வைசர் மாதம் ஒருமுறை கூப்பிட்டு, இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்பார். ரெத்தினம் யோசித்துச் சொல்கிறேன் என்பார். அம்சம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த நிலையில் வந்தது சிங்கராயர் சாரின் வீட்டு வேலை.

சிங்கராயர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மீட்டர், லிட்டர், கிலோகிராம் சொல்லிக்கொடுத்துப் பிரம்பால் மனப்பாடம் ஏற்றியவர். மகன் கிளமென்ட் துபாயில், இரும்பில் ஆயத்தப் படிக்கட்டு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். வீட்டு வரைபடம் அங்கிருந்தே வந்தது, முழுக்க முழுக்க மில்லிமீட்டரில். மாடிப்படியும் அங்கிருந்தே வரும் என்றான். பாபநாசத்தில் சிமென்டும் செங்கல்லும் கிடைக்காதா என்று கேட்கக் கூடாது. கப்பலில் வந்து இறங்கினால்தான் அது படி.

கிளமென்ட் போனில் ரெத்தினத்திடம் தெளிவாகச் சொன்னான். "அண்ணே, ஊர்ல மில்லியில வேலை பாக்கற ஒரே மேஸ்திரி நீங்கதான்னு சொன்னாங்க. இது சரியா வந்துச்சுன்னா என் கூட இருக்கற மூணு பேருக்கு வீடு இருக்கு. கும்பகோணம் ரோட்ல. நாலு வருஷத்துக்கு நீங்க நகர வேண்டாம்."

நாலு வருஷம். ரெத்தினம் அதை அம்சத்திடம் சொன்னபோது அவள் போய் இன்னும் அரை உழக்கு அரிசி எடுத்து உலையில் போட்டாள். சாப்பாட்டுக்கு ஆள் உண்டு என்று அவள் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வேலை நடக்கிற இடத்தில் சிங்கராயர் தினமும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து வாதம் செய்வார்.

"நாட்டுக்கு மீட்டர் சரி மேஸ்திரி, நான் மறுக்கல. ஆனா வீட்டுக்கு அடிதான். மனுஷன் குடியிருக்கற எடம் இல்லியா? மனுஷன் காலால அளந்தாத்தான் பொருந்தும்."

"யாரு காலு சார்? உங்க காலா, என் காலா? பிள்ளைங்களுக்கு முப்பது வருஷம் ஒண்ணச் சொல்லிக் குடுத்துட்டு, வூடு கட்டறப்ப வேற ஒண்ணு. பொய்ச் சாட்சி சொன்னா உங்க மதத்துல பாவம் இல்லியா?"

"பாடம் வேற, வாழ்க்கை வேற" என்பார் சிங்கராயர், கூச்சமே இல்லாமல். பூசை முடிந்து வரும்போது கையில் இருக்கிற ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தார். காலண்டரின் பின்பக்கத்திலிருந்து கிழித்த மனையடிப் பலன். ஊரில் மற்றவர்கள் சாஸ்திரம் பார்த்தால் அது மூடநம்பிக்கை, அவர் பார்த்தால் அது சும்மா தெரிந்து வைத்துக்கொள்வது. அவருடைய மனைவி மரியபுஷ்பத்துக்கு அந்தக் காகிதம் இருப்பது தெரியும். "ஆண்டவர் பக்கத்துலயே வச்சிருக்காரு, ஆண்டவரும் பாத்துக்கட்டுமேன்னு" என்று சித்தாள் காளியம்மாளிடம் சொல்லிச் சிரித்தார்.

வரைபடத்தில் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே உயரம் மூவாயிரம் மில்லி என்று போட்டிருந்தது. கொத்தனார்களோ டேப்பில் அடி, அங்குலப் பக்கத்தைத் தவிர மறுபக்கம் பார்த்ததே இல்லை. ரெத்தினம் அவர்களுக்கு மில்லி கற்றுக்கொடுத்துப் பார்த்தார். ஒரு வாரத்தில் அலுத்துப்போய், கரித்துண்டை எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதினார்: 300 = 1 அடி.

"இதுக்கு மேல உங்க மண்டையில ஏறாது. இத வச்சு அடியிலயே பண்ணித் தொலைங்க" என்றார்.

"மூவாயிரம்னா எத்தன மேஸ்திரி?" என்று சாரத்தின் மேலிருந்து கொத்தனார் கேட்டார்.

"பத்தடி. இதுகூடத் தெரியாம கரணை பிடிக்க வந்துட்டீங்க!"

பத்தடி என்றதும் சிங்கராயர் ஜெபப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டார். பத்துக்குப் பலன் நன்றாக இருந்தது. ஆக, வீட்டுக்காரரும் சந்தோஷம், மேஸ்திரியும் சந்தோஷம். தளம் போட்டார்கள், இரண்டு தரைக்கும் டைல்ஸ் ஒட்டினார்கள். நாகநாதன் ஆசாரி வந்து, இருக்கிற இடத்தை இருக்கிறபடி குச்சியால் அளந்து, கதவு ஜன்னல் எல்லாம் இழைத்து மாட்டிவிட்டுப் போனார். அவருடைய குச்சியைப் பார்த்தும் ரெத்தினம் சிரித்தார்.

மாசி மாதம் துபாய்ப் படி பதினெட்டு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. பதினைந்து படி, ஒவ்வொன்றும் இருநூறு மில்லி உயரம். திருகாணிக்குக்கூடத் தனிப் பை, அதற்கு எண். ரெத்தினம் கை கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். "பாத்துக்குங்க, இதான் வேலை" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். ஒருநாள் முழுக்கப் பூட்டினார்கள். மாலையில் நிமிர்த்தி வைத்தபோது அடி தரையில் உட்கார்ந்தது. தலை மேல்தளத்தை எட்டவில்லை. இரண்டு அங்குலம் கீழேயே நின்றது.

முதலில் துபாய்க் கம்பெனியைத் திட்டினார். பிறகு டேப்பை எடுத்துப் படியை அளந்தார். மூவாயிரம், ஒரு மில்லி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தளத்தை அளந்தார். மூவாயிரத்து நாற்பத்தெட்டு. உடனே கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"எவன்யா ரெண்டு இஞ்ச் தூக்கினது? குருட்டுப் பசங்களா! அடியில அளக்கறவன வச்சு வேலை பாத்தா இதான் கதி."

கலவைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த காளியம்மாள்தான் பேசினாள்.

"நீங்க பத்தடின்னீங்க மேஸ்திரி. நான் அங்கதான் நின்னேன். பத்தடிதான் இருக்கும். அவரு டேப்ப வச்சுப் பாருங்க."

கொத்தனாரின் டேப்பை வைத்தார்கள். பத்தடி, நூல் பிசகாமல். அப்புறம் காளியம்மாளே அந்த டேப்பைத் தரையில் நீட்டி, "உங்களதையும் பக்கத்துல போடுங்க" என்றாள். ரெத்தினம் போட்டார். சிங்கப்பூர் டேப்பில் மூவாயிரம் வந்த இடத்தில் ஊர் டேப் ஒன்பதடி பத்தங்குலம் ஒரு நூல் என்று காட்டியது. பத்தடிக்கு இன்னும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் பாக்கி இருந்தது.

பதினோரு வருஷத்துக்கும் மேலாக மனசில் சுமந்த வாய்ப்பாடு அது. சிங்கப்பூரில் அவர் வேலை பார்த்த இடத்தில் யாரும் அடியில் பேசியதில்லை, அதனால் அதைச் சோதிக்க ஒருநாளும் வேளை வரவில்லை. ஊரிலோ எல்லாரும் அதே தோராயத்தில் கட்டி, நாகநாதன் ஆசாரி மாதிரி ஆட்கள் இருக்கிற இடத்துக்கு ஏற்ப இழைத்து மாட்டிவிடுவதால் யாருக்கும் தெரிந்ததில்லை. அடி முந்நூறு மில்லி அல்ல, முந்நூற்று நாலே முக்கால். ஊரையே தற்குறி என்று வைத மனுஷருக்கு ஓர் அடியின் நீளம் தெரியாது. கரியால் எழுதிய எழுத்து சுவரில் அப்படியே இருந்தது. அவர் போய்த் தண்ணீர் தெளித்து அதை அழித்தார், எல்லாரும் பார்க்க.

கிளமென்டுக்குச் சொல்லியாக வேண்டும். சிங்கராயர் ரெத்தினத்தைத் தனியாகக் கூட்டிப்போய், வகுப்பில் விடையைச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார். "படி குறையா வந்திருக்குன்னு சொல்லிடுங்க மேஸ்திரி. யாரு பாக்கப் போறா? நாகநாதன்கிட்ட ஒரு கட்டை வாங்கி அடியில வச்சுட்டா எட்டிடும். எனக்கும் அவன்கிட்ட பேச்சு வாங்க முடியாது. பத்தடி, பத்தடின்னு நானும்தான் சொன்னேன்."

இப்படிப்பட்ட யோசனையை வேறு யாருக்காவது யாராவது சொல்லியிருந்தால் ரெத்தினம் காறித் துப்பியிருப்பார். இந்த நாடு உருப்படாமல் போனதற்கே இந்தக் கட்டை வைக்கிற புத்திதான் காரணம் என்று டீக்கடையில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! இப்போது அவர் கண்ணில் அம்சத்தின் உலைதான் தெரிந்தது. போனை வாங்கினார்.

"தம்பி, படி குறையா வந்திருக்கு."

"எவ்வளவுண்ணே?"

"நாப்பத்தெட்டு மில்லி." பொய்யையும் மில்லி பிசகாமல் சொன்னார்.

"நீங்க அளந்தா சரியாத்தாண்ணே இருக்கும். நான் கம்பெனில பேசறேன்" என்றான் கிளமென்ட்.

நாகநாதன் ஆசாரி இரண்டங்குலத் தேக்குக் கட்டையை இழைத்து அடியில் வைத்தார். எட்டிவிட்டது. முதல் படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாக நின்றது. மரியபுஷ்பம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். பங்குச் சாமியார் புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தபோது அந்த முதல் படியில்தான் தடுக்கினார். எல்லாரும் துபாய்க் கம்பெனியைக் குறை சொன்னார்கள்.

கும்பகோணம் ரோட்டில் அடுத்த வீட்டுக்குக் கடக்கால் தோண்டினார்கள். ரெத்தினம் மதியம் சைக்கிளில் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டார். சிங்கப்பூர் சூப்பர்வைசர் கூப்பிட்டபோது அம்சமே போனை எடுத்து, "அவரு வரமாட்டாருங்க, இங்கயே வேலை இருக்கு" என்றாள். அன்று அவள் முகத்தைப் பார்த்த ரெத்தினம், சொன்ன பொய்யில் தப்பே இல்லை என்று முடிவு கட்டினார்.

ஆனியில் ஒருநாள் சிங்கராயர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. யாரோ நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கிறார், மேஸ்திரியைப் பார்க்க வேண்டுமாம். போனார். கூடத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ரெத்தினத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"என் பேரு கலந்தர்ண்ணே. இந்தப் படிய அறுத்துப் பத்தவச்சது நான்தான்."

கலந்தர் நிதானமாகவே பேசினார். புகார் வந்ததும் கம்பெனியில் இந்தப் படியை அறுத்தது யார் என்று பதிந்த சீட்டை எடுத்துப் பார்த்தார்களாம், அதில் அவர் கையெழுத்து. ஒப்பந்தம் முடிகிற நேரம், ஆள் குறைக்க அவர்களுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டார்கள்.

"சண்ட போட வரலண்ணே. ஏழு வருஷமா அறுக்கறேன், ஒரு மில்லி தப்புனதில்ல. எங்க தப்புனேன்னு தெரியாம மனசு ஆறல. வூட்ல கமருன்னிஸாகூடக் கேக்குது, என்னதான் பண்ணுனீங்கன்னு. பாத்துட்டுப் போயிடறேன்."

பையிலிருந்து டேப்பை எடுத்தார். ரெத்தினத்தினுடையது மாதிரியே, அங்குலம் இல்லாதது. ஒவ்வொரு படியாக அளந்தார், பதினைந்தையும். கீழே குனிந்து தேக்குக் கட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு மேலே ஏறி, தளத்தின் விளிம்பிலிருந்து டேப்பைக் கீழே இறக்கி எண்ணைப் படித்தார். சிங்கராயர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலந்தர் இறங்கி வந்து டேப்பைச் சுருட்டினார்.

"பத்தடியாண்ணே?"

ரெத்தினம் குனிந்து தேக்குக் கட்டையைப் பார்த்தார்.

"எங்க பட்டறைக்குப் புதுசா வர்றவங்க மொத நாளு எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க. முந்நூறுக்கு ஒரு அடிம்பாங்க. அது ஒண்ணும் பெரிய தப்பில்ல, சொல்லிக் குடுத்தா திருத்திக்குவாங்க." அவர் முதல் முறையாக ரெத்தினத்தை நேராகப் பார்த்தார். சென்னையில் அந்தச் சோதனைக்காரர் பார்த்த பார்வை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "நீங்க அளந்து பாத்துட்டு, தெரிஞ்சுதான் என் தலையில போட்டிருக்கீங்க."

மரியபுஷ்பம் காப்பி கொண்டுவந்தார். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டுக் கலந்தர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து ரெத்தினம் அம்சத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். தளம், வாய்ப்பாடு, போனில் சொன்னது, கலந்தர், ஒன்று விடாமல். சொல்லி முடித்ததும் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

அம்சம் வெகுநேரம் முறத்தில் அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளு பொழப்ப எடுத்துத்தான் நான் மூணு மாசமா ரெண்டு பேருக்கு உலை வச்சிருக்கனா?" என்றாள். பிறகு எழுந்து போய்ப் போனை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "கூப்பிட்டுச் சொல்லுங்க. சொன்னா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். கூப்பிடுங்க."

கிளமென்ட் முழுவதையும் கேட்டான். "வச்சிடுங்கண்ணே" என்றான். மறுவாரம் கும்பகோணம் ரோட்டு வேலைக்கு வேறு மேஸ்திரி வந்தார், அடி டேப்போடு. கலந்தருக்கு மறுபடி விசா எடுக்கிறார்கள் என்று சிங்கராயர் கடைத்தெருவில் சொன்னாராம். தன் பங்கைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாகத் தகவல் இல்லை.

ஆவணியில் ஏஜென்டிடமிருந்து சிங்கப்பூருக்கு விண்ணப்பத் தாள் வந்தது. ரெத்தினம் பெயர் எழுதினார், பிறந்த தேதி எழுதினார். உயரம், சென்டிமீட்டரில் என்ற இடத்துக்கு வந்ததும் கை தானாக ஒன்று, ஆறு என்று எழுதிவிட்டு நின்றது. ஐந்தை முப்பதால் பெருக்கித்தானே அந்த எண் வந்தது?

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றார். இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து அம்சத்திடம் நீட்டினார். அதை அவர் இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"அளந்து சொல்லு."

அம்சம் முக்காலியில் ஏறி, ஒரு கையால் அவர் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பின் நுனி தரையைத் தொடும்வரை இறக்கினாள். எண்ணை இரண்டு தரம் பார்த்தாள்.

"நூத்தி அறுவத்தெட்டு" என்றாள். தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. "இத்தன வருஷமா மூணு கொறச்சுல்ல எழுதியிருக்கீங்க."